ஒரு கிருமிக்குப் பெயர் கொடுத்த டாக்டர்

(சிவில் மூன்றாமாண்டு மாணவன்)



குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு என்று வரிசையாக வந்து, கடைசியில் ஈ.கோலை என்று ஒரு வரி நிற்கும். 100 மில்லி தண்ணீரில் அது ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தென்பட்டால் மலம் கலந்துவிட்டது என்று பொருள். சிவில் பசங்க இதை மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம். அந்த 'ஈ' என்ற ஓர் எழுத்துக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார் என்பது போன வருஷம் வரை எனக்கும் தெரியாது. அவர் பெயர் தியோடர் எஷெரிக். இஞ்சினியர் அல்ல, குழந்தை வைத்தியர்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது எங்கள் அக்காவின் குழந்தை.

போன ஐப்பசியில் அக்காவுக்கு ஏழரை மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1,300 கிராம். உள்ளங்கை நீளத்துக்குக் காலும் கையும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ராசிபுரம் பக்கத்து ஊரிலிருந்து எங்கள் அம்மாயி சர்க்கரைத் தண்ணீரும் பஞ்சுமாக வந்து, சேனை வைக்காமல் எப்படி என்று வாசலில் உட்கார்ந்துவிட்டது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமாவுக்கு வேறு யோசனை. குஞ்சுகளுக்குக் கழிச்சல் வராமலிருக்கத் தண்ணீரில் நல்ல கிருமிப் பவுடர் கலப்பார்களாம். மனுஷக் குழந்தைக்கும் மெடிக்கலில் அதே மாதிரி கிடைக்கும், புரோபயாடிக் என்று கேள் என்றார். நானும் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நாலு பாக்கெட் வாங்கி வந்தேன். அக்கா பிழிந்து கொடுக்கும் பாலில் யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவது என்று திட்டம்.

நர்சம்மா பார்த்துவிட்டார். பெரிய டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. உட்காரச் சொல்லி அரைமணி நேரம் பேசினார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த பெயர்தான் எஷெரிக். அதன் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

குறும்புக்காரப் பையன்

ஜெர்மனியின் பவேரியா பகுதியில் ஆன்ஸ்பாக் என்ற ஊரில் 1857 நவம்பர் 29-ல் பிறந்தார். அப்பா டாக்டர், மருத்துவப் புள்ளிவிவரம் சேகரிப்பதிலும் ஈடுபாடு உள்ளவர். அஞ்சு வயசில் அம்மாவை இழந்தார். குறும்பு தாங்க முடியாமல் பன்னிரண்டு வயசில் ஆஸ்திரியாவில் ஒரு பாதிரிமார் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம்மில் பலர் ஹாஸ்டல் வந்த கதை மாதிரிதான்! பிறகு பல ஊர்களில் மருத்துவம் படித்து 1881-ல் தேர்வு எழுதித் தேறினார்.

அன்றைய பவேரியாவில் பிறந்த நூறு குழந்தைகளில் முப்பதுக்கு நெருக்கமாக முதல் பிறந்த நாளைப் பார்க்காமலே போய்விடும். பெரும்பாலும் வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் கொடுக்கும் வழக்கமே அங்கே பல இடங்களில் குறைந்து போயிருந்தது. அப்போதுதான் ராபர்ட் காக் கிருமிகளைத் தனித்தனியாக வளர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டு வந்திருந்தார். 1884-ல் காலரா பரவிய இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு எஷெரிக் அனுப்பப்பட்டார். கிருமியியலில் அவருக்குப் பற்று உண்டானது.

குழந்தையின் துணியில் ஒரு புது உலகம்

மியூனிக் திரும்பியவர் எடுத்த வேலையைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். பச்சைக் குழந்தைகளின் மலத்தைச் சேகரித்து, அதில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்தார். பிறந்தவுடன் கழிக்கும் கரும்பச்சை மலத்தில் அவர் முறைகளுக்குக் கிருமி அகப்படவில்லை. சில மணி நேரத்தில், ஒரு நாளுக்குள், வெளியிலிருந்து கிருமிகள் குடியேறிவிடுகின்றன என்று கண்டார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் இருக்கும் கூட்டம் வேறு, மற்ற உணவு உண்ணும் குழந்தையின் கூட்டம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

1885-ல் அவர் விவரித்த ஒரு கிருமி, ஆரோக்கியமான குழந்தையின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. குடலில் பொதுவாகக் காணப்படும் குச்சிக் கிருமி என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். 1886-ல் குழந்தையின் குடல் கிருமிகளும் செரிமானமும் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. கிருமி என்றாலே எமன் என்று நினைத்த காலத்தில், நம்மோடு சேர்ந்து வாழும் கிருமியும் உண்டு என்று அவர் ஆய்வு காட்டியது. அவர் காலத்துக்குப் பிறகுதான் அந்தக் கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டு எஷெரிக்கியா கோலை ஆயிற்று.

கோழிக்குஞ்சும் குறைமாதக் குழந்தையும்

1890-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பேராசிரியரானார். அங்கே குறைமாதக் குழந்தைகளுக்கு வெப்ப அறை அமைத்துப் பராமரித்தார். நாமக்கல்காரர்களுக்கு ஒரு செய்தி: பாரிஸ் நகரின் தார்னியே என்ற பிரசவ டாக்டர், உயிரியல் பூங்காவில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டரைப் பார்த்துத்தான் 1880 வாக்கில் குழந்தைகளுக்கும் அதே மாதிரி செய்யச் சொன்னார். ஆக, எங்கள் மாமா சொன்னதில் பாதி சரிதான். பெட்டி கோழியிடமிருந்து வந்தது. ஆனால் குடல் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

எஷெரிக்கின் மாணவர் எர்ன்ஸ்ட் மோரோ 1900-ல் குழந்தையின் மலத்திலிருந்து அமிலத்தில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தார். இன்று பல புரோபயாடிக் பாக்கெட்டுகளில் அச்சடித்திருக்கும் அசிடோஃபிலஸ் அதுதான். அதே காலத்தில் பாரிஸில் திஸியே என்பவர் தாய்ப்பால் குழந்தைகளிடம் பிஃபிடோ கிருமியைக் கண்டார்.

1902-ல் வியன்னாவுக்குப் போனார் எஷெரிக். மறு வருஷமே குழந்தைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கி, தாய்ப்பால் கொடுங்கள் என்று பிரசாரம் செய்தார். ஊர்க் குழந்தைகளின் வயிற்றைக் காப்பாற்றப் பாடுபட்ட அவருடைய ஒரே மகன் பத்து வயசில் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். விதியை என்ன சொல்வது! 1911 பிப்ரவரி 15-ல் 53 வயசில் எஷெரிக் காலமானார். பாடுபட்டுத் திட்டமிட்ட புதிய குழந்தை மருத்துவமனை திறந்ததை அவர் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது

குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் முழுசாக வளராதது. பெட்டிக்குள்ளே இருப்பதாலும், ஆண்டிபயாடிக் ஏறுவதாலும் நல்ல கிருமி குடியேறத் தாமதமாகிறது. அந்த இடத்தில் கெட்டது புகுந்தால் குடல் திசுவே அழுகும் ஒரு நோய் வரலாம். அது உயிரைக் குடிக்கும். தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

அப்படியானால் புரோபயாடிக் கொடுத்தால் என்ன? ஒடிசா கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு வகை லாக்டோபேசில்லஸை ஒரு வாரம் கொடுத்ததில், ரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து நூற்றுக்கு 9 என்பது 5.4 ஆகக் குறைந்தது. ஆனால் அவர்கள் இரண்டு கிலோவும் அதற்கு மேலும் இருந்த குழந்தைகள். 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. மறு வருஷமே அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, கொடுத்த அதே புரோபயாடிக் கிருமி ரத்தத்தில் பரவி இறந்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. எந்தக் கிருமி, எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு, எவ்வளவு சுத்தமான தயாரிப்பு என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மெடிக்கல் பாக்கெட்டை மறைவாகக் கலப்பது விளையாட்டு இல்லை.

கேட்கக் கேட்க எனக்குக் கை நடுங்கியது. பாக்கெட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அம்மாயியின் சர்க்கரைத் தண்ணீரும் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அக்கா மூணு மணிக்கொருதரம் பால் பிழிந்து கொடுத்தது. பால் ஊறாத தாய்மார்களின் பிள்ளைகளுக்காகச் சேலம் உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருப்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆறு வாரம் கழித்து இரண்டு கிலோவோடு குழந்தை வீட்டுக்கு வந்தது. இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது.

நண்பர்களே! குடலில் இருந்தால் கூட்டாளி, குடிநீரில் இருந்தால் குற்றவாளி. இடம் மாறினால் குணம் மாறும் கிருமி அது. நாளைக்கு நாம்தான் ஊர் ஊராகக் குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் போடப் போகிறோம். இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில். மூடியும் ஜாயிண்ட்டும் சரியில்லாத ஒரு குழாயால் முதலில் பாதிக்கப்படுவது ஒரு பச்சைக் குழந்தையாகத்தான் இருக்கும். பரிசோதனை அறிக்கையில் அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது, குழந்தைகளின் துணியை முகம் சுளிக்காமல் எடுத்துப் பார்த்த அந்த மனிதரை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.