கேள்வி கேட்பதில் இவ்வளவு விஷயம் இருக்கா? அடையாறில் ஆசிரியர்களுக்கே பாடம் எடுத்த மரியா மாண்டிசோரி யார்?

மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையை இன்று சின்ன ஊர்களில்கூட பார்க்கலாம். அது ஏதோ ஒரு வகைப் பள்ளியின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது ஒரு பெண்ணின் பெயர். இத்தாலியில் பிறந்து, டாக்டருக்குப் படித்து, இரண்டாம் உலகப் போர் காரணமாக ஐரோப்பா திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர். அவரது கதையைப் பார்க்கலாம்.

டாக்டர் எப்படி டீச்சர் ஆனார்?

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று பிறந்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்து இத்தாலியில் பெண் டாக்டர் என்பதே அபூர்வம். அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும்போது, அவர்களுக்கு மருந்தைவிட நல்ல கற்பித்தல்தான் தேவை என்று உணர்ந்தார். இதே வழியில் முன்பே உழைத்த பிரெஞ்சு மருத்துவர் செகானின் நூல்களைத் தேடிப் படித்தார்.

1907 ஜனவரி 6-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். சரியான பொருளைக் கையில் கொடுத்தால், யாரும் அதட்டாமலே குழந்தைகள் நெடுநேரம் கவனம் சிதறாமல் வேலை செய்வதை அங்கே பார்த்தார்.

அவர் சொன்ன 3 படிகள் என்ன?

செகானிடமிருந்து எடுத்து அவர் பரப்பிய முறை இது. செராமிக் ஊரான விருத்தாசலத்தில் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். டீச்சர் மேஜையில் பீங்கான் அகல், கப், பொம்மை என 3 பொருட்கள் மட்டும் இருக்கின்றன.

முதல் படி: டீச்சர் பெயரை மட்டும் சொல்கிறார். இது அகல், இது கப், இது பொம்மை. அவ்வளவுதான், கூடுதல் பேச்சு இல்லை.

இரண்டாம் படி: கப்பை எடுத்துக் கொடு, அகலை ஜன்னல்கிட்ட வை என்கிறார். குழந்தை வாய் திறக்க வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும். அதிக நேரம் இந்தப் படிக்குத்தான்.

மூன்றாம் படி: பொருளைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். குழந்தை பெயரைச் சொல்ல வேண்டும்.

வழக்கமாக வகுப்பில் என்ன நடக்கிறது? முதல் படி முடிந்ததும் நேராக மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். பதில் வராத பிள்ளைக்கு மக்கு என்று பெயர் வந்துவிடுகிறது. நடுப்படி இருந்தால் பிள்ளைக்குப் பழக நேரம் கிடைக்கும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது டீச்சருக்கும் தெரிந்துவிடும். பிள்ளை தடுமாறினால் திட்டு கிடையாது. இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். அதாவது, தவறான பதில் வந்தால் டீச்சர் முதலில் யோசிக்க வேண்டியது, தான் சொல்லித் தந்த விதத்தைப் பற்றித்தான்.

அடையாறுக்கு ஏன் வந்தார்?

இத்தாலியில் முசோலினி அரசு முதலில் இவரது பள்ளிகளை ஆதரித்தது. பிறகு மோதல் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். ஸ்பெயினில் இருந்தபோது 1936-ல் உள்நாட்டுப் போர் வெடிக்க, அங்கிருந்தும் கிளம்பி நெதர்லாந்து சென்றார்.

1939-ல் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, அடையாறு வந்தார். அங்கே சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்தார். இவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மகனைப் பிரித்த போர்

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் அம்மாவும் மகனும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு எதிரி நாட்டினர் ஆனார்கள். மாரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியா அடையாறு வளாகத்தைவிட்டு வெளியேறத் தடை.

இந்தப் பிரிவு அவருக்குப் புதிதல்ல. 1898-ல் திருமணம் ஆகாமலே பெற்ற பிள்ளை மாரியோ. ஊர் வாய்க்குப் பயந்து, குழந்தையை வேறொரு குடும்பத்திடம் வளரவிட்டார். பதின்ம வயதில்தான் மகன் அவரோடு சேர்ந்தார். அதன் பிறகும் வெளியுலகுக்கு உறவுக்காரப் பையன் என்றே அறிமுகம். உலகத்துக் குழந்தைகளுக்காக உழைத்தவரால் சொந்த மகனை மகன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை.

1940 ஆகஸ்ட் 31, மரியாவுக்கு 70-வது பிறந்தநாள். மாரியோவை விடுவிப்பதாக வைஸ்ராய் தரப்பிலிருந்து செய்தி வந்தது. அதில் மாரியோ அவரது மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. அப்போது மாரியோவுக்கு வயது 42.

கொடைக்கானலில் என்ன செய்தார்?

1942 முதல் சுமார் 2 ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார்கள். 6 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு செடி, உயிரினங்கள், பூமி என இயற்கையை முழுசாகச் சொல்லித் தரும் வழிகளை அங்கே வளர்த்தெடுத்தார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பிய மரியா, அடுத்த ஆண்டே மறுபடி இந்தியா வந்தார். இந்தியாவில் அவர் பயிற்சி தந்த ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், அதற்குத் தனிக் காப்புரிமை கிடையாது. ஆகவே பெற்றோர் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். வகுப்பில் பிள்ளைகள் கையில் பொருள் இருக்கிறதா, பதில் வரும்வரை டீச்சர் பொறுமையாக இருக்கிறாரா என்று பாருங்கள். ஆசிரியர்களுக்கோ இந்த 3 படிகளை நாளைக்கே முயன்று பார்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு அகல், ஒரு கப், ஒரு பொம்மை போதும்.