கொடுமுடி கோகிலம்

1953-இல் வெளிவந்த ஔவையார் படத்தைப் பார்த்த நம் பெரியவர்களுக்குக் கே. பி. சுந்தராம்பாள் என்றாலே நரைத்த தலையும் கைக்கோலும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாட்டி, பத்து வயது நிரம்புமுன்பே குரலை நம்பிப் பிழைக்கப் புறப்பட்ட சிறுமி என்பதைப் பலரும் அறியார்.

இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமுடி, 1979 வரை நம் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கே 1908-இல் பிறந்தார் சுந்தராம்பாள். அவர் பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றது தாய் பாலாம்பாளைக் குறிக்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வறுமையோடு போராடிய அந்தத் தாயின் பெயரை அம்மையார் கடைசிவரை சுமந்தார்.

சிறுமி இரயிலில் பாடிக் காசு பெற்று வந்தாள். அவ்வாறு பாடியபோதுதான், இரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான திருச்சி எஃப். ஜி. நடேசய்யர் அவளுடைய குரலைக் கேட்டு வியந்தார். பின்னர் வேலு நாயர் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை வேடம். பசியை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை!

அக்கால நாடகம் விடிய விடிய நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். இன்று நாம் மைக் சற்றுக் கரகரத்தாலே பாட்டை நிறுத்திவிடுகிறோம். உச்ச சுருதியில் இரவு முழுவதும் பாடியும் தளராத அந்தக் குரல், கொட்டகை கொட்டகையாகப் பாடிப் பாடி உரம் பெற்றது. இலங்கைவரை அதன் புகழ் பரவியது.

1926-இல் கொழும்பில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் முதன்முதலாக மேடையேறினார். கிட்டப்பா அப்போதே பெரும் புகழ் பெற்றவர். அவரோடு போட்டியிட்டுப் பாட இந்தப் பெண்ணால் முடியுமா என்று ஐயுற்றவர்களும் உண்டு. வள்ளி திருமணம் நாடகத்தில் இருவர் குரலும் மோதிய இரவுகளுக்குப் பின் அந்தப் பேச்சு அடங்கிப் போயிற்று. 1927-இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு, குடியும் பழகியிருந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மேடையில் கண்ட இன்பத்தில் பாதியையும் அம்மையார் இல்வாழ்வில் காணவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. அன்று வெள்ளைப் புடவை உடுத்தியவர், இனி எந்த ஆணுடனும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையையே விட்டு ஒதுங்கினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் வற்புறுத்திய பிறகே மீண்டும் பாட வந்தார்.

அடுத்துத் திரைப்படக்காரர்கள் வந்தார்கள். உறுதியை அவர் தளர்த்தவில்லை. 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம், ஆண் வேடம்! ஆகவே இணை சேர்ந்து நடிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அதற்குப் பெற்ற ஊதியம் 1 இலட்சம் ரூபாய். இரயில் பெட்டியில் காசுக்காகக் கை நீட்டிய சிறுமிக்கு அப்போது வயது 27கூட நிறைந்திருக்கவில்லை.