'1984' யாருக்கு எதிரான நாவல்? ஆர்வெல் தந்த விளக்கம்

பீகார் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர் எரிக் ஆர்தர் பிளேர். அப்பா, ஆங்கிலேய அரசின் அபின் துறை அதிகாரி. நமக்கு இவரைத் தெரிந்ததெல்லாம் ஜார்ஜ் ஆர்வெல்னுதான். பர்மாவில் 5 வருஷம் போலீஸ் வேலை பார்த்து, பிடிக்காம விட்டார். 1937-ல் ஸ்பெயின் போர்க்களத்தில் கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார்.

காசநோயோட ஜூரா தீவில் உட்கார்ந்து எழுதிய '1984', 1949 ஜூனில் வெளியானது. மக்களை அரசு எந்நேரமும் கண்காணிக்கிற கதை. அமெரிக்காவில் சிலர், இது பிரிட்டன் தொழிலாளர் கட்சி மீதான தாக்குதல்னு சொல்லிக் கொண்டாடினாங்க. இவரோ அந்தக் கட்சியின் ஆதரவாளர்! சோவியத் யூனியன் நாவலையே தடை பண்ணியது.

சிகிச்சையில் இருந்தபடியே ஆர்வெல் மறுப்பு வெளியிட்டார். தொழிலாளர் கட்சியை அவர் குறிவைக்கலை. சர்வாதிகாரம் எந்த நாட்டிலும் வரலாம் என்று எச்சரிக்கத்தான் எழுதினாராம். அந்த விளக்கம் எடுபட்டதான்னு பார்க்க அவருக்கு நேரமில்லை. 1950 ஜனவரி 21-ல், 46 வயதில் இறந்துட்டார்.