டிஷ் ஆண்டெனாவுக்குப் பின்னால் ஒரு முக்குளிப்பாளர்: யார் இந்த ஆர்தர் சி. கிளார்க்?

அதியமான்கோட்டையில ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறிப் பாருங்க, டிஷ் ஆண்டெனா கண்ணில் படும். அது பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. அங்கே மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945லேயே எழுதியவர் கிளார்க். இங்கிலாந்துக்காரர், 1917ல் பிறந்தவர்.

விண்வெளி ஆசாமிக்குக் கடலில் என்ன வேலை? தண்ணீருக்குள் உடம்பின் எடை தெரியாது. அவருக்குக் கைக்கெட்டிய விண்வெளி அதுதான். 1956ல் இலங்கையில் குடியேற வைத்ததும் இந்த ஸ்கூபா மோகமே. அதே ஆண்டு திருகோணமலையில் நண்பர் மைக் வில்சனோடு முக்குளித்தபோது, போர்த்துகீசியர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்கள் கடலடியில் கிடந்தன.

1961ல் வில்சனும் இரண்டு சிறுவர்களும் தெற்கே கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் ஒரு கப்பலின் சிதைவைக் கண்டார்கள். ஔரங்கசீப் காலத்து சூரத் வெள்ளிக்காசுகள், மூட்டை மூட்டையாகக் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. பால்டிக் போன்ற குளிர்ந்த, உப்பு குறைந்த கடலில் மரக்கப்பலே முழுசாக நிற்கும். இங்கே கப்பல் புழு தின்றுவிடும். மிஞ்சுவது காசும் பீரங்கியும்தான்.

அடுத்த ஆண்டே போலியோ, படுத்த படுக்கை. ஆனாலும் 1963ல் அதே திட்டுக்குத் திரும்பப் போனார். பிற்காலத்தில் போலியோவின் பின்விளைவு அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. ஹிக்கடுவயில் இருந்த அவரது டைவிங் பள்ளியை 2004 சுனாமி அழித்தது. 2008 மார்ச் 19ல் கொழும்பில் இறந்தார். தன் இறுதிச்சடங்கில் எந்த மதச் சம்பிரதாயமும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே அடக்கம் செய்தார்கள்.