பண்டிதர் நைன் சிங்

உபாத்தியாயர் தொழில் பள்ளிச் சுவர்களுக்குள் அடங்குவதென்று கருதுவாருமுளர். அக்கருத்துப் பொருந்தாதென்பதை இமயச் சாரலிலே ஒரு சிற்றூர்ப் பள்ளியை நடாத்திய பெரியார் ஒருவரின் வரலாறு காட்டும். அவரே நைன் சிங் இராவத்து என்பார்.

குமாவோன் நாட்டின் வடகோடியிலுள்ள மிலம் என்னும் ஊரினர் இவர். 1830 ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவ்வூரார் பனிக்கணவாய்களைக் கடந்து திபெத்து நாட்டாரோடு வாணிகஞ் செய்வோர். அந்நாளில் ஐரோப்பியர் திபெத்திற் புகுதல் தடுக்கப்பட்டிருந்தமையின், இந்திய நில அளவையார் இவரைத் தெரிந்து, 1863 ஆம் ஆண்டு முதல் டேராதூனிற் பயிற்றினர்.

பயிற்சியின் முதற்பாடம் நடத்தலே. ஏற்றம், இறக்கம், சமநிலம் எங்கும் அடியின் அளவு மாறாது வைத்தல் வேண்டும். ஏறத்தாழ 2,000 அடிவைப்பு ஒரு மைல். 108 மணிக்குரிய செபமாலையில் 100 மணிகளே கோக்கப்பட்டன. நூறடிக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒருமுறை சுற்றினால் 10,000 அடி, அஃதாவது ஐந்து மைல். கணக்கெழுதிய தாள் வழிபாட்டுச் சக்கரத்தினுள் மறைந்திருந்தது. வெந்நீர் கொதிக்கும் வெப்பநிலை கொண்டு இடத்தின் உயரம் அறியப்பட்டது.

உயர்ந்த கணவாய்களிலே மூடுபனி இறங்குங்கால் மலைமுடியுந் தோன்றாது, விண்மீனுந் தோன்றாது. விண்மீனை அளக்குங் கருவி அப்பொழுது பயன்படாது. அடியெண்ணுதற்கோ கண் வேண்டா. மனம் பிறழாதிருத்தலே வேண்டும். இம்முறையின் அருமை ஈண்டே விளங்கும்.

1865 இல் நேபாள வழியாகத் திபெத்திற் புகுந்த இவர், 1866 சனவரியில் இலாசா நகரை அடைந்தார். கைப்பொருள் குறைந்தவிடத்து, வணிகர்க்குக் கணக்குமுறை கற்பித்துப் பொருளீட்டினார்; வேடம் வேறாயினும் தொழில் பழையதே. மானசரோவரப் பக்கமாக மீண்டபொழுது அவர் அளந்த வழி ஏறத்தாழ 1,200 மைல். 1867 இல் பத்திரிநாத்துக்கு அப்பால் 18,000 அடிக்கு மேற்பட்ட மானா கணவாயைக் கடந்து, தோக்கு சாலுங்கு என்னும் பொற்சுரங்க நிலத்தைக் கண்டறிய உதவினார். 1877 இல் இலண்டன் அரச புவியியற் கழகம் பொற்பதக்கம் அளித்தது. அதற்கு முன் பல்லாண்டு அவர் பெயர் வெளிப்படவில்லை. பண்டிதர் என்னும் உபாத்தியாயப் பட்டமே மறைபெயராய் நின்றது.

செபமாலையை அளவுகோலாக்குதல் தகுமோ, வேற்றரசின் பொருட்டு மாறுவேடம் பூணல் முறையோ என நம்மவர் வினவுதல் கூடும். அவ்வினாக்கள் தள்ளத்தக்கனவல்ல; வேடத்தை யாம் புகழ்ந்திலேம். ஆயினும், உடனிருந்து சோதிப்பார் ஒருவருமில்லாத பனிவெளியிலே எண்ணிய எண்ணைக் கூட்டாமலுங் குறைக்காமலும் எழுதினாரே, அந்நேர்மை எம்மனோர் மாணாக்கர்க்குக் காட்டற்பாலது.

திருக்கோணமலை ஓர்ஸ் ஹில் பகுதியில் வாழும் மாணாக்கர் பனியைக் கண்டிலர். எனினும், குன்றின் ஏற்றத்திலிருந்து துறைமுகக் கரைவரை அடியெண்ணி நடந்து, அவ்வெண்ணை அளவுநாடாவோடு ஒப்பிடுதல் எளிது. பூமிசாத்திரமும் கணிதமும் வாய்மையும் ஒரு பாடத்தில் அடங்கும். ஆசிரியர்கள் இதனைச் செய்வித்துப் பார்ப்பாராக.