‘டேக் ஃபைவ்’ கேட்பவர்களுக்கு ஒரு பழனி அறிமுகம்

அடையாறு, தி.நகர் பக்கம் காபி ஷாப்பில் உட்கார்ந்தால், பின்னணியில் ஜாஸ், போஸா நோவா தொகுப்பு ஒன்று மெல்ல ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டிருப்பீர்கள். வாசிப்பது யார் என்று தெரியாது, ஆனால் காதுக்கு இதமா இருக்கும். இந்தத் தொகுப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் பாட்டு டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’. அடுத்த முறை அது வந்தால் மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். தகிட தக, தகிட தக. அஞ்சு! நம்ம கண்டக் கணக்குதான்.

அதுமட்டுமில்லை. நடுவில் பியானோ அந்த அஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, டிரம்ஸ் அதன்மேல் இஷ்டத்துக்கு உலாவும். மயிலாப்பூர் சபாவில் தனி ஆவர்த்தனம் கேட்டவருக்கு இது புதுசா என்ன?

அந்த டிரம்ஸ் ஜோ மொரெல்லோவுடையது. ‘டேக் ஃபைவ்’ பதிவானது 1959-ல். அதற்கு முந்தைய வருடம் இதே குழு மெட்ராஸுக்கு வந்தபோது, அவர்களோடு சேர்ந்து வாசித்தவர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. உடனே ‘அஞ்சை நம்மகிட்டதான் கத்துக்கிட்டாங்க’ என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். அந்த ஆல்பத்தின் இன்னொரு பாட்டுக்குத் துருக்கித் தெருவில் கேட்ட தாளம்தான் விதை. ஆனால், கணக்கில் ஊறிய இரண்டு உலகங்கள் சந்தித்தன என்பது மட்டும் நிஜம்.

பழனி 1908-ல் பிறந்தவர். அப்பா முத்தையா பிள்ளையும் லய வித்வான், புதுக்கோட்டை பாணி. எல்லாம் இருந்தும் ஒரு சிக்கல். அவர் இடது கைக்காரர். இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? மேடையைக் கற்பனை செய்து பாருங்கள். பாடகருக்கு ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். இடது கைக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் அது மேடையின் பின்சுவரைப் பார்க்கும். சரிசெய்ய, வயலின்காரர் இடம் மாற வேண்டும். அதற்கு எல்லோரும் சம்மதிப்பார்களா? எத்தனை திறமை இருந்தும், உட்கார இடமில்லாமல் வாய்ப்பு நழுவுவது எவ்வளவு கொடுமை!

வழிவிட்டவர் செம்பை வைத்தியநாத பாகவதர். வயலினை மறுபக்கம் உட்காரவைத்து, பழனியைத் தன் கச்சேரிகளில் வாசிக்கவைத்தார். அதன்பிறகு பாலக்காடு மணி அய்யருக்கு இணையாகப் பேசப்படும் இடத்துக்குப் பழனி வந்துவிட்டார். அவர் பலம் வேகத்தில் இல்லை, இடைவெளியில். ஒரு சொல்லை வாசித்துவிட்டுக் கார்வையில் நிற்பார். தொப்பியில் கும்கி உருண்டு வரும். நல்ல ஜாஸ் டிரம்மரிடம் நாம் ரசிப்பதும் இந்த நிதானத்தைத்தானே?

1962 மே மாதம் பழனி மறைந்தார். ஸ்டான் கெட்ஸும் சார்லி பேர்டும் சேர்ந்து செய்த ‘ஜாஸ் சம்பா’ ஆல்பம் போஸா நோவாவை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனதும் அதே வருடம்தான். அவருடைய சீடர்களில் டி.ரங்கநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும், திருச்சி சங்கரன் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்திலும் மிருதங்கம் கற்பித்தார்கள்.

தொகுப்பு ஆல்பங்களில் எனக்குப் பிடித்த விஷயம், முன்பின் தெரியாதவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பது. உங்கள் ப்ளேலிஸ்ட்டில் ‘டேக் ஃபைவ்’வுக்கு அடுத்து, பழனி வாசித்த பழைய செம்பை கச்சேரி ஒன்றைச் சேருங்கள். ஒலிப்பதிவு கொஞ்சம் கரகரக்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டு, தனி வரும்போது தொப்பியை மட்டும் கவனியுங்கள்.