பெண்கள் வாக்குரிமைக்குப் பாதை அமைத்த புணே சமூக சேவகி ரமாபாய் ரானடே

புணே: பம்பாய் மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-ஆம் ஆண்டில் கிடைத்தது. அதற்கான இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் புணே சேவாசதனத்தின் தலைவி ரமாபாய் ரானடே. எந்தக் கட்சியின் சார்பிலும் நில்லாமல், சமூகப் பணியின் வழியாகவே அவர் அந்த உரிமையைக் கோரினார். எழுத்தறிவில்லாத சிறுமியாகப் புகுந்த வீட்டுக்கு வந்தவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் உள்ள தேவராஷ்ட்ரே கிராமத்தில், குர்லேகர் குடும்பத்தில் பிறந்தார் ரமாபாய். பெண்கள் படிப்பது தகாது என்று கருதப்பட்ட காலம் அது. 1873-இல், 11 வயதில், மகாதேவ் கோவிந்த் ரானடேவுக்கு மணம் செய்விக்கப்பட்டார். மனைவியை இழந்திருந்த ரானடே அப்போது புணேயில் நீதித்துறை அதிகாரியாகவும் சமூக சீர்திருத்தவாதியாகவும் அறியப்பட்டிருந்தார். அவர் ஒரு விதவையை மறுமணம் செய்துகொள்வார் என்று சீர்திருத்தவாதிகள் எதிர்பார்த்தனர். தந்தையின் வற்புறுத்தலுக்குப் பணிந்து சிறுமியை மணந்ததால் கடும் விமர்சனத்துக்கும் ஆளானார்.

மனைவிக்குத் தாமே எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார் ரானடே. மராத்தியைத் தொடர்ந்து ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. வீட்டிலிருந்த மூத்த பெண்களோ இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஏச்சையும் புறக்கணிப்பையும் பொறுத்துக்கொண்டே ரமாபாய் கல்வியைத் தொடர்ந்தார். 1910-இல் வெளியான மராத்தி நினைவு நூலில் இந்த அனுபவங்களை அவர் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

பிரதிநிதித்துவம் என்ற கருத்து வேரூன்றிய நகரம்

அவர் வாழ்க்கைப்பட்ட புணே, மக்கள் பிரதிநிதித்துவம் குறித்து ஏற்கெனவே சிந்திக்கத் தொடங்கியிருந்த நகரம். 1870-இல் கணேஷ் வாசுதேவ் ஜோஷி முதலானோர் தொடங்கிய புணே சார்வஜனிக் சபையில் உறுப்பினராவதற்கு, குறைந்தது 50 பேர் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் தேவைப்பட்டது. சட்டமன்றத் தேர்தல் என்ற ஒன்றே இல்லாத நாட்டில், மக்களின் ஒப்புதல் பெற்றவரே மக்களுக்காகப் பேசலாம் என்ற நெறியை அந்தச் சபை வகுத்தது. அதன் பணிகளுக்கு வழிகாட்டியவர்களில் ரானடேவும் ஒருவர். எனினும், அந்தப் பொதுவாழ்வு ஆண்களின் உலகமாகவே இருந்தது.

1882-இல் பண்டித ரமாபாய் புணேக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கியபோது, ரமாபாய் ரானடே அதன் கூட்டங்களில் பங்கேற்றார். பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி புணேயில் அமைவதற்கான முயற்சிகளுக்கும் துணை நின்றார்.

1901-இல் ரானடே காலமானார். அதன்பின் சுமார் ஓராண்டு ஒதுங்கி வாழ்ந்த ரமாபாய், மீண்டும் பொதுவாழ்வுக்குத் திரும்பினார். விதவைகள் வெளியில் வருவதே பழிக்கப்பட்ட சூழலில், 1904-இல் பம்பாயில் நடைபெற்ற பாரத மகிளா பரிஷத் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

சேவாசதனம்

1909-இல் இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கோபால் கிருஷ்ண தேவதருடன் இணைந்து புணே சேவாசதனத்தை உருவாக்கினார். விதவைகளும் கைவிடப்பட்ட பெண்களும் இங்கு எழுத்தறிவு பெற்றனர். ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் பயிற்சி பெற்றனர். செவிலியர் பணியை இழிவாகக் கருதிய குடும்பங்களிடம் அதன் மதிப்பை எடுத்துரைத்து, பெண்களை அத்துறைக்குக் கொண்டுவந்ததில் சேவாசதனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1918-ஆம் ஆண்டின் பம்பாய் தொடக்கக் கல்விச் சட்டம், கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்த நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, முதலில் சிறுவர்களுக்கு மட்டும் அதனைக் கொண்டுவரலாம் என்று புணேயில் ஒரு தரப்பினர் வாதிட்டனர். பாலகங்காதர திலகரும் அத்தரப்பில் இருந்தார். சிறுமிகளையும் சேர்க்க வேண்டும் என்று கோரிய இயக்கத்தில் ரமாபாய் முன்னின்றார். புணே வீதிகளில் பெண்கள் ஊர்வலமாகச் சென்றது அந்நாளில் பெரும் புதுமையாக இருந்தது.

மாகாணங்களின் கையில் முடிவு

இதே காலத்தில் வாக்குரிமைக் கோரிக்கையும் வலுப்பெற்றது. 1917 டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் எட்வின் மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையிலான பெண்கள் குழு சென்னையில் சந்தித்து, வாக்குரிமை கோரியது. ஆனால், வாக்குரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு, சமூகச் சூழல் இன்னும் கனியவில்லை என்று கூறிப் பெண்களை விலக்கியது. இறுதியில் 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், முடிவெடுக்கும் பொறுப்பை மாகாண சட்டமன்றங்களிடம் விட்டது.

இதனால் போராட்டக் களம் லண்டனிலிருந்து மாகாணத் தலைநகரங்களுக்கு மாறியது. ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த சட்டமன்றங்களின் ஆதரவைப் பெண்கள் திரட்ட வேண்டியிருந்தது. 1921 ஏப்ரலில் சென்னை மாகாணம் முதலில் வழி காட்டியது. பம்பாய் மாகாணத்தில் இதற்கான இயக்கத்துக்கு ரமாபாய் தலைமையேற்றார். அதே ஆண்டில் பம்பாய் சட்டமன்றமும் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

அந்த வெற்றி முழுமையானதாக இல்லை. சொத்தும் வரியுமே வாக்குரிமைக்குத் தகுதியாக இருந்தன. தம் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் மிகச் சிலரே என்பதால், பெரும்பாலான பெண்கள் வாக்காளர் பட்டியலுக்கு வெளியிலேயே நின்றனர். தேர்தலில் போட்டியிடும் உரிமைக்கும் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ரமாபாய் 1924-இல் காலமானார். அவரது மறைவையொட்டி மகாத்மா காந்தி புகழஞ்சலி எழுதினார்.

பெயரின்றி நீக்கப்பட்ட 28 லட்சம் பேர்

அனைவருக்கும் வாக்குரிமை என்ற நிலையை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டமே உறுதி செய்தது. ஆனால், 1951-52-இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலின்போது சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே அவர்கள் பதிவாகியிருந்ததே காரணம். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட வட மாநிலங்களிலேயே இது மிகுதியாக நிகழ்ந்தது.

சட்டம் அளிக்கும் உரிமை ஒருவரைச் சென்றடைய, கல்வியும் தன் பெயரைத் தயக்கமின்றிச் சொல்லும் துணிவும் தேவை என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது. சேவாசதன வகுப்புகளில் பெண்களுக்கு ரமாபாய் அளிக்க முயன்றவை அவ்விரண்டுமே.

ரமாபாயின் நூற்றாண்டையொட்டி 1962-இல் இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவர் வளர்த்த சேவாசதனம் புணேயில் இன்றும் கல்விப் பணியைத் தொடர்ந்து வருகிறது.